“இந்தியத் தமிழர்” என்று முதலில் எழுதியது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை வருடா வருடம் என் தலையில்தான் விழும். போன தடவை அந்த வேலையில் இருந்தபோது, தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை இரண்டு பிறப்பத்தாட்சிப் பத்திரங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்று அவளுடையது. மற்றது எட்டாம் ஆண்டில் படிக்கும் அவளுடைய தம்பியுடையது.

“சேர், எனக்கு அப்பாவோட இனம் இந்தியத் தமிழர்னு போட்டிருக்கு. தம்பிக்கு இலங்கைத் தமிழர்னு போட்டிருக்கு. எங்களுக்கு அப்பா ஒருத்தர்தானே சேர்?”

வகுப்பில் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கேட்டேன், “வீட்டில யாராவது இந்தியாவுக்குப் போயிருக்கிறீங்களா?”

“இல்ல சேர். தாத்தாவே போனதில்ல. அவங்க அப்பாவும் இங்க லயத்துலதான் பொறந்தாராம்.”

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. மணியடித்துவிட்டது என்பது ஒரு சாட்டு. உண்மையில் அந்தச் சொல் அரச தாளில் எப்போது ஏறியது என்று சொல்வதென்றால் நூறு வருடத்துக்கு மேலே பின்னால் போக வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளையின் வீட்டிலும் யாராவது வாசிப்பார்கள்.

இலங்கையில் இன்று நாம் அறிந்த முறையிலான குடிசன மதிப்பு முதன்முதலாக 1871 மார்ச் 27 இல் நடந்தது. அதன்பின் பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணினார்கள். 1901 இல் அதை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். பிற்காலத்தில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான அதே அருணாசலம்தான். அந்த மதிப்பில் தமிழர் என்றால் ஒரே தொகை, ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம். யாழ்ப்பாணத்தில் புகையிலை நட்டவரும், மட்டக்களப்பில் வயல் செய்தவரும், பலாங்கொடையில் கொழுந்து எடுத்தவரும் அதற்குள் ஒன்றாக இருந்தார்கள். யார் எங்கே பிறந்தார் என்பது வேறு கேள்வி, வேறு அட்டவணை. பிறந்த இடம் ஒரு விசயம், இனம் இன்னொரு விசயம் என்ற தெளிவு அங்கே இருந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பத்து வருடத்தில் நம்முடைய சப்ரகமுவ தலைகீழாக மாறியது. அதற்குக் காரணம் இறப்பர்.

இறக்குவானை, பலாங்கொடைப் பக்கம் கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டங்கள் இருந்தன. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை வந்தது. ஆனால் கேகாலை மாவட்டத்தின் தெற்கே எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல என்று களனிப் பள்ளத்தாக்கையும், இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்ந்த குன்றுகளையும் அடியோடு மாற்றியது இறப்பர்தான். 1900 அளவில் நாடு முழுவதும் ஒரு சில ஆயிரம் ஏக்கரில் மட்டும் இருந்த இறப்பர், 1911 ஆகும்போது இரண்டு இலட்சம் ஏக்கர் அளவுக்குப் பரவிவிட்டது. 1910 இல் இலண்டனில் ஒரு இறாத்தல் இறப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காடு வெட்ட, குழி தோண்ட, கன்று நட, பால் வெட்ட ஆள் வேண்டும். கங்காணிமார் கடல் தாண்டிப் போனார்கள். அகலம் குறைந்த களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1903 இல் எட்டியாந்தோட்டைக்கு வந்துவிட்டது. இரத்தினபுரிக்கு 1912 இல்தான் வந்தது. ஆகவே 1911 இல் இரத்தினபுரித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் கடைசிப் பல மைல்களை நடந்துதான் வந்திருப்பார்கள். கழுத்தில் தகரச் சீட்டு. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதற்கான அடையாளம் அந்தத் தகரத்தில் குத்தியிருக்கும். குடிசன மதிப்பு வருவதற்கு முன்பே அவர்கள் எண்ணப்பட்டவர்கள்.

இப்போது 1911 மார்ச் 10 க்கு வருவோம். வெள்ளிக்கிழமை. அன்று இரவு இலங்கை எண்ணப்பட்டது. அதே இரவில் கடலுக்கு அப்பால் இந்தியா முழுவதும் எண்ணப்பட்டது. இது எனக்கு முதலில் தற்செயலாகப் பட்டது. மற்ற வருடங்களையும் பார்த்தேன். 1901 மார்ச் 1, 1921 மார்ச் 18, 1931 பெப்ரவரி 26. எல்லாமே இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே நாள். இரண்டு கரைகளுக்கும் இடையே இவ்வளவு பேர் போய்வந்துகொண்டிருக்கும்போது ஒரே இரவில் எண்ணினால்தான் ஒருவர் இரண்டு தடவை விழமாட்டார், எவரும் தவறிப்போகவும் மாட்டார்.

இன்னொன்றையும் பார்த்தேன். பிறைக் கணக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பிடிக்கும். அந்த நான்கு இரவுகளுமே வளர்பிறையின் எட்டாம் நாளுக்கும் பதினோராம் நாளுக்கும் இடையில் விழுகின்றன. 1911 இல் அது ரபீஉல் அவ்வல் மாதம். இந்தியாவில் அதிகாரிகள் வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணுபவர் இரவில் வீடு வீடாக நடக்க நிலா வெளிச்சம் வேண்டும். ஆனால் பௌர்ணமிக்கு வைத்தால் ஆட்கள் கோயில் குளம், திருவிழா என்று ஊர்விட்டு ஊர் போய்விடுவார்கள். ஆகவே பௌர்ணமிக்குச் சில நாள் முந்திய இரவு. மின்சாரம் இல்லாத காலத்து நிர்வாகம் வானத்தைப் பார்த்துத்தான் வேலை செய்திருக்கிறது.

கிராமங்களில் எண்ணும் வேலை கிராமத் தலைமைக்காரர் போன்றவர்களிடம் இருந்தது. தோட்டங்களில் அது துரைமாரின் பொறுப்பு. தோட்டம் தனி உலகம், வெளி ஆள் உள்ளே வந்து லயத்துக் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. காகிதத்தை யார் நிரப்பியிருப்பார்கள் என்று தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியல் ஆபீசில் இருக்கிறது. பிரட்டுக்களத்தில் தினமும் பேர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். “நீ யார், எந்த ஊர், உன்னை என்னவென்று எழுத?” என்று ஒவ்வொரு காம்பராவிலும் நின்று ஆறுதலாகக் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

1911 மதிப்பை நடத்தியவர் ஈ. பி. டென்ஹம் என்ற ஆங்கிலேய அதிகாரி. பிற்காலத்தில் ஜமேக்காவின் ஆளுநராக இருந்தவர். “1911 குடிசன மதிப்பில் இலங்கை” என்ற பொருளில் அவர் எழுதிய அறிக்கை 1912 இல் வெளிவந்தது. கெட்டிக்காரர் எழுதிய நூல்தான், சந்தேகமில்லை. அந்த மதிப்பில்தான் தமிழர் என்ற ஒரு கட்டம் இரண்டாக வெட்டப்பட்டது. மொத்தச் சனத்தொகை 4,106,350. அதில் இலங்கைத் தமிழர் 528,024. இந்தியத் தமிழர் 530,983. பாருங்கள், கிட்டத்தட்ட சரிபாதி. இந்தியத் தமிழர் தொகை மூவாயிரம் அளவுக்குக் கூடவும் இருக்கிறது.

ஆட்சியாளரின் இடத்தில் நின்று பார்த்தால் இந்தப் பிரிப்புக்கு ஒரு நியாயம் இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். வருடந்தோறும் பல்லாயிரம் பேர் வருவதும் போவதுமாக இருக்கும்போது, நாட்டில் பிறப்பால் கூடியது எவ்வளவு, கப்பலால் கூடியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தேவை இருந்தது. தோட்டத்தில் இருந்தவர்கள் மட்டுமே ஐந்து இலட்சத்துக்கு மேல். இவர்களை வடக்கு கிழக்குத் தமிழரோடு சேர்த்து ஒரே தொகையாகப் போட்டால் கணக்கு எதையும் சொல்லாது.

ஆனால் அதற்குப் பிறந்த இடத்துக் கேள்வியே போதுமே. நேற்றுக் கப்பலில் வந்தவர் இந்தியாவில் பிறந்தவர், கோப்பிக் காலத்தில் இறக்குவானையில் பிறந்தவர் இலங்கையில் பிறந்தவர் என்று அந்தக் கேள்வியே பிரித்துக் காட்டும். “இந்திய” என்ற சொல்லை இனத்துக்கான கட்டத்தில் போட்டதுதான் வில்லங்கம். பிறந்த இடம் ஒரு தலைமுறையில் மாறும். இனம் என்று எழுதிவிட்டால் பிள்ளைக்கும் போகும், பேரனுக்கும் போகும். நூற்றுப் பத்து வருடம் கழித்து என் மேசைக்கும் வரும்.

இனி நம்மவர்களின் கதைக்கு வருகிறேன். முஸ்லிம் வாசகர்கள் இதை வேறு யாருடையதோ விசயம் என்று தாண்டிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

டென்ஹமின் மதிப்பில் நாமும் இரண்டாக வெட்டப்பட்டோம். இலங்கைச் சோனகர் 2 இலட்சத்து 34 ஆயிரம் அளவு, இந்தியச் சோனகர் 33 ஆயிரம் அளவு. அதற்கு முன்பே நமக்குள் இந்தப் பேச்சு சூடாக இருந்தது. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் எழுதினார். அருணாசலத்தின் அண்ணன்தான் அவர். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்துத் தனி நூலே வெளியிட்டார். சட்டசபை ஆசனம், சமூக மரியாதை எல்லாம் அந்த வாதத்துக்குள் இருந்தன. ஆகவே 1911 இல் “இலங்கைச் சோனகர்” என்று ஒரு கட்டம் கிடைத்ததை நம் பெரியவர்கள் பலர் நல்லதாகவே கண்டிருப்பார்கள். கரையிலிருந்து வந்து கடை போட்டிருந்த மரைக்காயர்மாரும் இராவுத்தர்மாரும் அடுத்த கட்டத்தில் விடப்பட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 1915 கலவரத்தில், கண்டியில் தொடங்கிய நெருப்பு சப்ரகமுவ வரைக்கும் வந்தபோது உடைத்தவர்கள் இரண்டு கட்டத்துக் கடைகளையும்தான் உடைத்தார்கள். அந்த நேரத்தில் யாரும் அட்டவணை பார்க்கவில்லை.

என் வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். தொண்டிப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்து, ஒரு தோட்டத்துப் பசாரில் சொந்தக்காரரின் கடையில் நின்றவர். அரிசி, கருவாடு, வெற்றிலை. சம்பள நாளில் தோட்டத்தார் வந்து பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் வைத்துப் போவார்களாம். அப்பாவும் அவர்களும் ஒரே கரையிலிருந்து, ஒரே பசிக்காக வந்தவர்கள்தான். வாப்பாவின் பிறப்பத்தாட்சியில் தகப்பனின் இனம் “இந்தியச் சோனகர்”. என்னுடையதில் “இலங்கைச் சோனகர்”. இதற்காக யாரும் வழக்குப் பேசவில்லை, கடிதம் எழுதவில்லை. உம்மா இந்த ஊர்க்காரர். பதிவாளர் தெரிந்த மனிதர், கேட்காமலே அப்படி எழுதிவிட்டாராம். என் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையில், ஒரு பேனாவின் அசைவில் கிடைத்தது அது. லயத்திலிருந்து வரும் அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கு நான்கு ஐந்து தலைமுறையாகியும் தம்பியின் பத்திரத்தில் மட்டும்தான் கிடைத்திருக்கிறது, அதுவும் எப்படி என்று அவர்களுக்கே தெரியாது.

பழைய குடிசன மதிப்புகளில் வேறு பிரிவுகளும் இருந்தன. சிங்களவரைக் கண்டிச் சிங்களவர், கரையோரச் சிங்களவர் என்று தனித்தனியாக எண்ணினார்கள். அந்தப் பிரிவு 1971 வரை அட்டவணையில் இருந்தது, 1981 இல் இல்லை. இந்தியச் சோனகர் என்ற கட்டமும் அப்படியே மறைந்துபோனது. மிஞ்சியது இந்தியத் தமிழர் மட்டும்.

ஏன் இது மட்டும்? என் கணிப்பைச் சொல்கிறேன். கடைக்காரருக்கு ஊரில் ஒரு விலாசம் இருந்தது, அடுத்த வீட்டுக்காரர் இருந்தார். தோட்டத்தாருக்குத் தோட்டமே விலாசம். இன்றைக்கும் புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகத்தான் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத நிலம், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் 10 பேருக்குக் குறையாமல் இருந்தால் அது தோட்டம். கிராமம் என்ற சொல் அங்கே வராது. மற்ற ஒரு காரணம் இதைவிடப் பெரியது. அந்தக் கட்டத்தின்மேல் பிறகு சட்டம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

1931 இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது என்று பாடப்புத்தகத்தில் படிப்பிக்கிறோம். இந்தியாவிலிருந்து வந்தோருக்கு இங்கே நிரந்தரமாக இருக்கும் எண்ணம் உண்டு என்று காட்ட வேண்டிய நிபந்தனைகள் அதில் இருந்ததைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். 1948 இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழியில் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி எங்கே?

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. 1871 இலிருந்து 1946 வரை ஒவ்வொரு மதிப்பிலும் அந்த மக்களை எண்ணினார்கள். தகரச் சீட்டில் எண்ணினார்கள், பிரட்டில் தினமும் எண்ணினார்கள், செக்ரோலில் எழுதினார்கள். ஆனால் குடிசன மதிப்பு ஆளுக்கு ஒரு துண்டும் தருவதில்லை. எண்ணிக்கை அரசாங்கத்துக்கு, அத்தாட்சி சனத்துக்கு என்று இரண்டும் இரண்டு. லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பைப் பதிய யார் போனார்கள்? தாத்தா 1911 இல் பலாங்கொடையில் எண்ணப்பட்டார் என்பதை பேரனால் எந்த அலுவலகத்திலும் காட்ட முடியவில்லை. அவர் இந்தியத் தமிழர் என்ற ஒன்று மட்டும் எல்லா அலுவலகத்துக்கும் தெரிந்திருந்தது.

1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான தனிச் சட்டம் வந்தது. திருமணமானவர் என்றால் 1946 க்கு முந்திய 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர் 975,000 என்று எடுத்துக்கொண்டு, 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பங்கிட்டார்கள். 1974 இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாக்கினார்கள். எந்தக் காம்பராவிலிருந்து யார் அந்தப் பாதி என்று தாளில் இல்லை. அண்ணன் மண்டபத்துக்கும் தம்பி எட்டியாந்தோட்டையிலுமாகப் பிரிந்த குடும்பங்களை வயதானவர்களிடம் கேட்டால் இன்றும் பெயர் சொல்வார்கள். 1971 இல் 11 இலட்சத்து 74 ஆயிரம் அளவில் இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981 இல் 818,656. புள்ளிவிபரத்தில் ஒரு கோடு கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் ஸ்டேசன்களில் அழுத அழுகை அதில் வராது.

கடைசியில் 2003 இன் சட்டத்தோடுதான் இங்கே மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வந்தது. ஆனால் கட்டம் போகவில்லை. 2012 இல் நாட்டில் இந்தியத் தமிழர் 4.1 வீதம். 2024 மதிப்பில் அந்தக் கட்டத்தில் “மலையகத் தமிழர்” என்ற பெயரையும் பக்கத்தில் சேர்த்தார்கள். நூறு வருடத்துக்குப் பிறகு அந்த மக்கள் தாங்களே வைத்த பெயர் அரச படிவத்தில் ஏறியது பெரிய விசயம். தொகை வந்தபோது 2.8 வீதம். பன்னிரண்டு வருடத்தில் இத்தனை பேர் எங்கே போனார்கள்? ஒரு பகுதியினர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயிருக்கலாம். ஆனால் பெரும்பகுதி எங்கும் போகவில்லை, பக்கத்துக் கட்டத்துக்குத்தான் போயிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இலங்கைத் தமிழர் என்று எழுதினால் கந்தோரில் கேள்வி குறையும் என்று நினைக்கிற தாய் தகப்பனை நான் குறை சொல்லமாட்டேன். என் குடும்பமும் அதைத்தான் செய்தது. அதே நேரம் தொகை குறைந்தால் தோட்டப் பாடசாலை, காணி, வீடு என்று பேசப் போகும்போது “நீங்கள் இத்தனை பேர்தானே” என்பார்கள். நுவரெலியாவில் கூட்டமாக இருக்கிறவர்களுக்கு அது தாங்கும். நம் சப்ரகமுவவில் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே ஒரு தோட்டம் இங்கே, ஒரு தோட்டம் அங்கே என்று சிதறிக் கிடப்பவர்களுக்கு, தமிழ் பேசும் பாடசாலைக்கே பத்துக் கட்டை நடக்கும் பிள்ளைகளுக்கு, அது அவ்வளவு இலேசில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி 2024 மதிப்பில் எண்ணப் போனாள். இந்தத் தடவை கையில் டெப்லட், நிலா வெளிச்சம் பார்க்கத் தேவையில்லை. ஒரு லயத்தில் தனியாக இருந்த வயதான அம்மாவிடம் இனம் என்ன என்று கேட்டிருக்கிறாள். “முன்ன என்னா எழுதினாங்களோ அதையே எழுது புள்ள” என்றாராம். இவள் விடவில்லை. “முன்ன எழுதினது இருக்கட்டும் அம்மாயி, நீங்க என்னா சொல்றீங்க?” அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். “இதை யாரும் கேட்டதில்லையே” என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு, யோசித்துத்தான் பதில் சொன்னாராம். என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். அது இரகசியம் சேர், சொல்லக்கூடாது என்றுவிட்டாள். நல்ல பிள்ளை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பிறப்பத்தாட்சி, தகரச் சீட்டு, பாஸ்போட், பிரசாவுரிமைப் பத்திரம் ஏதாவது இருந்தால் எறிந்துவிட வேண்டாம். எடுத்துப் பாருங்கள். இனம் என்ற இடத்தில் என்ன இருக்கிறது, எந்த வருடம், தாத்தாவுக்கு ஒன்று பேரனுக்கு வேறொன்றாக மாறியிருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள். பெயர் விலாசம் வேண்டாம், வருடமும் அந்தச் சொல்லும் போதும். அடுத்த தவணை அந்தப் பிள்ளையின் வகுப்புக்கு நான் பாடமாக எடுக்கப் போவது அதைத்தான்.